வட சென்னையிலிருந்து வெளிநாட்டு வேலைக்கு: ஏஜென்ட்டுக்கு லட்சம் கொட்டாமல் நீங்களே போவதற்கான முழு வழிகாட்டி

தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ ஒரு பிள்ளை படிப்பை முடித்து, இரண்டு வருஷம் வேலையும் பார்த்துவிட்டு, "வெளிநாடு போகலாம்னு இருக்கேன்" என்று வீட்டில் சொன்னால், அடுத்த நொடி வரும் கேள்வி "எந்த ஏஜென்ட்?" என்பதுதான். அப்படிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நம் பக்கத்துப் பெரியவர்கள் கப்பலுக்கும் வளைகுடாவுக்கும் போன காலத்தில் விசா விவரமெல்லாம் மண்ணடி, பாரிமுனை பக்கம் இருந்த சில அலுவலகங்களில்தான் கிடைத்தது, காசு கொடுக்காமல் உள்ளே நுழைய வழியில்லை. இன்றைக்கு அந்த விவரம் மொத்தமும் அந்தந்த நாட்டு அரசின் இணையதளத்தில் இலவசமாக இருக்கிறது. ஆனாலும் அம்மாவின் வளையலை அடகு வைத்து இரண்டு, மூன்று லட்சத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது நிற்கவில்லை. அது நிற்க வேண்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

டிகிரியோ டிப்ளமோவோ முடித்து, கொஞ்சம் அனுபவமும் உள்ள, முப்பது வயதை ஒட்டியவர்களுக்கானது இது. சம்பள வரம்பு, கட்டணம் எல்லாம் 2025 நிலவரம். வருஷா வருஷம் மாறும் என்பதால் விண்ணப்பிக்கும் அன்று அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முதல் படி: பெயரும் முகவரியும்

வேலை தேடுவதற்கு முன்னால் இதை முடியுங்கள். இனிஷியல் வைக்கிற நமக்கு வெளிநாட்டுப் பயணத்தில் வரும் முதல் தலைவலியே பெயர்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "கார்த்திக் எஸ்", டிகிரியில் "எஸ். கார்த்திக்", ஆதாரில் "கார்த்திக் செல்வம்", பான் கார்டில் "செல்வம் கார்த்திக்" என்று ஒரே ஆளுக்கு நான்கு பெயர் இருக்கும். இங்கே யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அங்கே விசா அதிகாரிக்கு அது நான்கு ஆள்.

பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் முழுப் பெயரும் ஒற்றைப் பெயராக நிற்கும், அதில்தான் சிக்கல். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா கிடையாது என்றது. அப்பா பெயர் பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள், ஆனால் அதற்குள் விமான நிலையம்வரை போய்த் திரும்பியவர்கள் உண்டு. அதனால் அப்பா பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டுவிடுங்கள். அங்கே ஆபீஸ் கடிதங்களில் "மிஸ்டர் செல்வம்" என்று அப்பாவின் பெயரில்தான் கூப்பிடுவார்கள், பழகிவிடும். அப்புறம் ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து மாற்றுங்கள். பள்ளி, கல்லூரிச் சான்றிதழில் பெயரை மாற்றுவது பெரும்பாடு. அதற்குப் பதில் "இரண்டு பெயரும் ஒரே நபருடையது" என்று நோட்டரியிடம் ஒரு உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வைத்துக்கொண்டால் பெரும்பாலும் போதும்.

முகவரி அடுத்தது. நம் தெருக்களில் பாதி வீடுகளுக்குப் பழைய எண் ஒன்று, புது எண் ஒன்று. ஆதாரில் புதுசு, கேஸ் புத்தகத்தில் பழசு, வாக்காளர் அட்டையில் இரண்டும் இல்லாமல் வேறு ஏதோ இருக்கும். ஹவுசிங் போர்டு குடியிருப்பு என்றால் பிளாக் எண் ஒன்றில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. போலீஸ் சரிபார்ப்பு இதில்தான் தொங்கும். ஆதாரில் "புது எண், பழைய எண்" இரண்டையும் சேர்த்தே பதிந்துவிட்டு, அதே வரியை பாஸ்போர்ட் விண்ணப்பத்திலும் அப்படியே போடுங்கள். நமக்குக் கிட்டத்தில் இருப்பது அமைந்தகரை பாஸ்போர்ட் சேவை மையம். 36 பக்க பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், தட்கல் என்றால் மேலே 2,000. பத்தாம் வகுப்புத் தேர்ச்சிச் சான்றிதழை மறக்காமல் காட்டுங்கள். காட்டாவிட்டால் குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டாக வந்துவிடும். வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது கூடுதலாக ஒரு அனுமதி வாங்க அலைய வேண்டும்.

இரண்டாவது படி: படித்ததற்கும் வேலை பார்த்ததற்கும் ஆதாரம்

டிகிரி சான்றிதழை மாநில உயர்கல்வித் துறை சரிபார்த்து, அதன்மேல் வெளியுறவு அமைச்சகம் முத்திரை வைக்க வேண்டும். ஒரு நாட்டு ஆவணத்தை இன்னொரு நாடு ஒரே முத்திரையில் ஏற்பதற்கான அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இந்தியா 2005இல் சேர்ந்தது, அதில் உள்ள பல நாடுகளுக்கு அந்த முத்திரை போதும். அமீரகம் அதில் இல்லை, அவர்களுடைய தூதரக முத்திரையும் தனியாக வேண்டும். ஜெர்மனி ஒப்பந்தத்தில் இருந்தாலும் இந்திய அப்போஸ்டிலை ஏற்பதில்லை. அங்கே உங்கள் பல்கலைக்கழகமும் படிப்பும் 'அனாபின்' என்ற அவர்களுடைய தரவுத்தளத்தில் எப்படி மதிப்பிடப்பட்டிருக்கிறது என்பதைத்தான் பார்ப்பார்கள். தியாகராயா கல்லூரியிலோ பாரதி மகளிர் கல்லூரியிலோ படித்திருந்தால் உங்கள் கல்லூரிப் பெயரைத் தேடாதீர்கள், டிகிரி கொடுத்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடுங்கள். கிடைக்கும் பக்கத்தை அச்செடுத்து விண்ணப்பத்தோடு வைக்க வேண்டும்.

அனுபவச் சான்று இன்னும் கடினம், காரணம் நம் பக்கத்து வேலைகள் பெரும்பாலும் கான்ட்ராக்ட். மணலி பக்கம் ஆலையை நிறுத்திப் பராமரிக்கும் ஷட்டவுன் வேலையில் மூன்று வருஷம் பைப்பிங் ஆய்வு செய்த பையனிடம் அடையாள அட்டையைத் தவிர வேறு எதுவும் இருக்காது, அதையும் கேட்டில் திருப்பி வாங்கியிருப்பார்கள். வேலையில் இருக்கும்போதே பதவி, செய்த வேலை, சேர்ந்த தேதி மூன்றும் உள்ள கடிதத்தை லெட்டர்ஹெட்டில் கேட்டு வாங்குங்கள், விட்ட பிறகு கொடுக்க மாட்டார்கள். அதுவும் கிடைக்கவில்லையென்றால் பி.எஃப். பாஸ்புக்கைத் தரவிறக்கம் செய்து வையுங்கள். எந்த நிறுவனம், எந்த மாதம் பணம் கட்டியது என்பது அதில் அப்படியே இருக்கும், கூடவே வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய பக்கங்களையும் சேர்த்தால் யாரும் மறுக்க முடியாத ஆதாரமாகிவிடும். கையில் சம்பளம் வாங்குகிறவர்கள் இன்றிலிருந்தே வங்கி வழியாகக் கேளுங்கள்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து டிஜிலாக்கரிலும் மின்னஞ்சலிலும் போட்டு வையுங்கள். 2015, 2023 வெள்ளங்களில் தரைத்தள வீடுகளில் பீரோவோடு சான்றிதழ் நனைந்துபோன குடும்பங்கள் நம் பக்கத்தில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

மூன்றாவது படி: நாட்டைத் தேர்ந்தெடுப்பது

இதில் பாதிப்பேர் செய்வது, நண்பன் எங்கே இருக்கிறானோ அங்கே போவது. நண்பன் இருப்பது உதவிதான், ஆனால் கணக்குப் போட்ட பிறகு அதைப் பாருங்கள்.

சிங்கப்பூர்: டிகிரிக்காரர்களுக்கான வேலை அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 2025 ஜனவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 5,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), வயது கூடக் கூட வரம்பும் கூடும். அதோடு 2023 செப்டம்பரிலிருந்து 'காம்பஸ்' என்ற புள்ளி முறையில் 40 புள்ளியும் வேண்டும். மனிதவள அமைச்சகத்தின் தளத்தில் சுயமதிப்பீட்டுக் கருவி இருக்கிறது, பத்து நிமிடத்தில் உங்களுக்குக் கிடைக்குமா என்று தெரிந்துவிடும். இதைப் பார்க்காமல் யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். மாதம் 6,000 வெள்ளி சம்பளம் என்றால் வருமான வரி ஆண்டுக்கே 3,000 வெள்ளிக்குள்தான் வரும், வெளிநாட்டவருக்கு சி.பி.எஃப். என்ற அந்த ஊர் சேமநிதிப் பிடித்தமும் இல்லை. வாடகைதான் விழுங்கும், வீவக (அந்த ஊர் ஹவுசிங் போர்டு) வீட்டில் ஒரு அறைக்கே ஆயிரம் வெள்ளியை ஒட்டி ஆகும்.

ஜெர்மனி: ஆண்டுக்கு 50,000 யூரோ என்று ஆஃபர் வந்ததும் அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்து வீட்டில் இனிப்பு கொடுத்துவிடுவார்கள். திருமணமாகாதவருக்கு வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் பிடித்துக் கைக்கு வருவது மாதம் சுமார் 2,650 யூரோ. அதில் வாடகை போக என்ன மிஞ்சும் என்பதுதான் உங்கள் கணக்கு. முனிச்சும் லைப்சிக்கும் வாடகையில் ஒன்றல்ல. டிகிரிக்காரர்களுக்கான வேலை அனுமதியான ப்ளூ கார்டுக்கு 2025இல் ஆண்டுச் சம்பளப் பொது வரம்பு 48,300 யூரோ. ஆள் தட்டுப்பாடு உள்ள துறைகளுக்கும், படிப்பை முடித்து மூன்று ஆண்டுக்குள் இருப்பவர்களுக்கும் 43,759.80 யூரோ. டிகிரி இல்லாமலேயே ஐ.டி. துறையில் கடந்த ஏழு ஆண்டில் மூன்று ஆண்டு அனுபவம் இருந்தாலும் ப்ளூ கார்டு வழி உண்டு. டிப்ளமோ முடித்து மென்பொருள் வேலை பார்ப்பவர்கள் இதைக் கவனியுங்கள். வேலை கிடைக்காமலேயே போய்த் தேட 2024 ஜூனில் வந்த 'வாய்ப்பு அட்டை' இருக்கிறது, ஓராண்டு தங்கலாம், வாரம் 20 மணி நேரம் பகுதி நேர வேலை செய்யலாம். ஆனால் மாதம் 1,091 யூரோ வீதம் ஓராண்டுக்கான பணத்தை முன்கூட்டியே முடக்கிக் காட்ட வேண்டும். அதைக் கடன் வாங்கிக் காட்டிவிட்டுப் போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அமீரகம்: வருமான வரி இல்லை, விசா சீக்கிரம் வரும், நாலு மணி நேரத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் சம்பளத்தில் அடிப்படை எவ்வளவு, படி எவ்வளவு என்று பாருங்கள். வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடை, முதல் ஐந்து ஆண்டுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். மொத்தம் 8,000 திர்ஹாமில் அடிப்படையை 2,500 என்று போட்டிருந்தால் பணிக்கொடையும் அந்த 2,500க்குத்தான்.

பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் நம்மைப் போன்ற இளைஞர்களுக்கென்றே குலுக்கல் வைத்திருக்கின்றன, ஆச்சரியம் என்னவென்றால் நம் பக்கத்தில் இது பலருக்குத் தெரியவே தெரியாது. பிரிட்டனின் இந்திய இளம் தொழில்முறையாளர் திட்டத்தில் ஆண்டுக்கு 3,000 பேர். 18 முதல் 30 வயது, டிகிரி, 28 நாள் தொடர்ந்து வங்கியில் 2,530 பவுண்டு, இவ்வளவுதான் முக்கியத் தகுதி. முன்கூட்டி வேலை ஆஃபர் தேவையில்லை, இரண்டு ஆண்டு தங்கி வேலை செய்யலாம். குலுக்கலில் பெயர் கொடுக்கக் கட்டணம் இல்லை. பெயர் விழுந்தால் விசா கட்டணமும், ஆண்டுக்கு 776 பவுண்டு வீதம் மருத்துவக் கட்டணமும் கட்ட வேண்டும், அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு சேருங்கள். ஆஸ்திரேலியாவின் 'மேட்ஸ்' திட்டம் 2024 டிசம்பரில் தொடங்கியது, அதுவும் 3,000 இடம், பொறியியல், ஐ.டி., சுரங்கம், புதுப்பிக்கத்தக்க ஆற்றல் போன்ற துறைகளில் இந்தியாவின் தேசியத் தரவரிசையில் முதல் 100 கல்வி நிறுவனங்களில் படித்து, முடித்து இரண்டு ஆண்டு தாண்டாதவர்களுக்கு. பதிவுக் கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர். "குலுக்கலில் பெயர் விழ வைக்கிறேன்" என்று எவராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அமெரிக்கா இப்போதைக்குப் புதிதாகப் போகிறவர்களுக்குக் கடினம். 2025 செப்டம்பரில் வெளியிலிருந்து வரும் புது எச்1பி வேலை விசா விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்துவிட்டார்கள்.

நான்காவது படி: வேலை தேடுவது

நிறுவனத்தின் சொந்த வேலைவாய்ப்புப் பக்கம், லிங்க்ட்இன், ஜெர்மனிக்கு அரசே நடத்தும் 'மேக் இட் இன் ஜெர்மனி', இவை போதும். ஒரே ரெஸ்யூமை முந்நூறு இடத்துக்கு அனுப்புவதைவிட, வாரம் ஐந்து இடத்துக்கு அந்த விளம்பரத்தில் கேட்டிருக்கும் சொற்களுக்கு ஏற்ப மாற்றி எழுதி அனுப்புங்கள். அப்பா பெயர், மதம், திருமண நிலை, "மேற்கண்டவை உண்மை என உறுதியளிக்கிறேன்" எல்லாம் வேண்டாம், எடுத்துவிடுங்கள்.

வீடியோ இன்டர்வியூவுக்கு இடம் நமக்கு உண்மையான பிரச்சினை. ஒற்றை அறை வீடு, பக்கத்துக் கோயிலில் மைக் செட், மாலையில் தண்ணி லாரி சத்தம். ஜெர்மன் நேரம் நமக்குக் கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் பின்னால் இருப்பதால் அழைப்பு சரியாக அந்த நேரத்தில்தான் வரும். கொளத்தூரில் 2024இல் திறந்த, படிக்கவும் வேலை பார்க்கவும் இடம் தரும் முதல்வர் படைப்பகத்தில் குறைந்த கட்டணத்தில் இடம் எடுத்துக்கொள்ளலாம், முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். ஆங்கிலம் தடுமாறுகிறது என்று ஒதுங்காதீர்கள். நீங்கள் செய்த வேலையை, ஒரு பழுதை எப்படிக் கண்டுபிடித்துச் சரிசெய்தீர்கள் என்பதைச் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லிப் பழகுங்கள், அதைத்தான் கேட்கிறார்கள். ஜெர்மனிதான் என்று முடிவாகிவிட்டால் நுங்கம்பாக்கத்தில் ஜெர்மன் மொழி கற்றுத்தரும் கோத்தே நிலையம் இருக்கிறது, ஆஃபர் வரும்வரை காத்திருக்காமல் ஏ1 என்ற தொடக்க நிலை வகுப்பை ஆரம்பித்துவிடுங்கள்.

ஐந்தாவது படி: ஏஜென்ட்டிடம் போய்த்தான் ஆக வேண்டும் என்றால்

சில வளைகுடா வேலைகள் ஏஜென்ட் வழியாகத்தான் வரும், அதில் தவறில்லை. வெளியுறவு அமைச்சகத்தின் 'இ-மைகிரேட்' தளத்தில் அவருடைய பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். பதிவு பெற்றவர் சட்டப்படி வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும்தான், அதற்கு ரசீது கொடுக்க வேண்டும். இரண்டு லட்சம் கேட்டு ரசீது இல்லை என்றால் அவர் யார் என்று அதிலேயே தெரிந்துவிட்டது. நம் மாநில அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை நடத்துகிறது. செவிலியர்கள், டெக்னீஷியன்கள் முதலில் அதன் அறிவிப்புகளைப் பாருங்கள்.

"இப்போ விசிட் விசாவில் போ, அங்கே போய் மாத்திக்கலாம்" என்பதை ஏற்காதீர்கள். விசிட் விசாவில் வேலை செய்வது சட்டவிரோதம், மாட்டினால் நீங்கள்தான் மாட்டுவீர்கள். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங், நல்ல சம்பளம், டிக்கெட் இலவசம் என்று வந்தால் இன்னும் ஜாக்கிரதை. அப்படிப் போனவர்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிக்குக் கொண்டுபோய் ஆன்லைன் மோசடி வேலை செய்ய வைத்தார்கள், மறுத்தவர்களை அடித்தார்கள். 2022 அக்டோபரில் அங்கிருந்து மீட்கப்பட்டுச் சென்னை வந்து இறங்கியவர்கள் தமிழ்நாட்டு இளைஞர்கள், படித்தவர்கள். கம்போடியா, லாவோஸ் பெயரிலும் இதே வலை விரிக்கிறார்கள்.

ஆறாவது படி: ஆஃபர் லெட்டரும் கிளம்பும் தேதியும்

அடிப்படைச் சம்பளம், வேலை நேரம், தங்குமிடம் யார் செலவு, விமான டிக்கெட், மருத்துவக் காப்பீடு, இடையில் விட்டால் ஏதாவது திருப்பிக் கட்ட வேண்டுமா, இவை எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது.

கிளம்பும் தேதி வரியைப் பாதிக்கும். ஒரு நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தால், வேலைக்காக வெளிநாடு போகிறவர் அந்த ஆண்டு வெளிநாடுவாழ் இந்தியர், அங்கே வாங்கும் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. செப்டம்பர் 28ஆம் தேதிக்குள் கிளம்பினால் கணக்கு 181 நாளில் நிற்கும், ஆனால் அந்த மார்ச்சுக்குள் திரும்ப வந்து தங்கினால் நாள் கூடிவிடும். உங்கள் சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றுவது சட்டப்படி கட்டாயம். அங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்குத் தொடங்குங்கள், அதன் வட்டிக்கு இங்கே வரி கிடையாது. இந்திய சிம்மை எடுத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வங்கி, ஆதார், பி.எஃப். எல்லா ஓ.டி.பி.யும் அதற்குத்தான் வரும், குறைந்தபட்ச ரீசார்ஜ் செய்து ரோமிங் போட்டு வையுங்கள்.

ஏழாவது படி: பெட்டி

துபாய் போகிறவர்கள் கவனியுங்கள்: கசகசா அங்கே தடைசெய்யப்பட்ட பொருள், போதைப்பொருள் வழக்கில் மாட்டுவீர்கள். பொட்டலமாகக் கொண்டுபோனால்தான் என்று நினைக்காதீர்கள். "குருமாவுக்கு ஆகும், எடுத்துட்டுப் போ கண்ணு" என்று அம்மா அரைத்துக் கொடுக்கும் மசாலாப் பொடியில் அது இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் பெட்டியில் வையுங்கள். சிங்கப்பூருக்கு மெல்லும் புகையிலை கூடாது. ஐரோப்பாவுக்கு இறைச்சியும் பால் பொருளும் கூடாது, அதனால் நெய்யும் பால்கோவாவும் போகாது. ஆனால் சொந்த உபயோகத்துக்கு மீன் பொருள்கள் 20 கிலோவரை அனுமதி உண்டு, காசிமேட்டுக் கருவாட்டை நன்றாகச் சீல் வைத்து எடுத்துப் போகலாம். ஆஸ்திரேலியாவில் உணவு எதுவாக இருந்தாலும் படிவத்தில் சொல்லிவிட வேண்டும், மறைத்தால் அபராதம். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டர் சீட்டை ஆங்கிலத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விம்கோ நகரிலிருந்து விமான நிலையம்வரை ஒரே மெட்ரோ, பகல் விமானம் என்றால் அதிலேயே போய்விடலாம். நள்ளிரவு விமானத்துக்கு ரயில் இருக்காது.

எட்டாவது படி: போய் இறங்கிய முதல் மாதம்

முதல் சம்பளம் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம், வாடகை முன்பணமும் கேட்பார்கள். ஜெர்மனியில் மூன்று மாத அடிப்படை வாடகைவரை முன்பணம் வாங்கச் சட்டம் அனுமதிக்கிறது, ஆக இரண்டு மூன்று மாதச் செலவுப் பணத்தோடு போங்கள். குடிபோன இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டு உரிமையாளரின் கையெழுத்துத் தாள் வேண்டும். இந்தப் பதிவு இல்லாமல் வரி எண் வராது, எண் வராவிட்டால் சம்பளத்தில் கூடுதல் வரி பிடிப்பார்கள். அதனால் முகவரி பதிய அனுமதிக்காத அறையை மலிவு என்று எடுக்காதீர்கள். டி.வி. இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம் வரும், மோசடிக் கடிதம் என்று கிழித்துப் போடாமல் கட்டுங்கள்.

முதல் மாதத்திலேயே நம் ஆட்களைத் தேடிப் போங்கள். ஜெர்மனியில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் பெரும்பாலும் ஈழத் தமிழர்களின் கடைகளில்தான் கிடைக்கும். அந்த அண்ணன்களும் அக்காக்களும் போர்க்காலத்தில் வெறுங்கையோடு வந்து அந்த நாட்டைக் கற்றுக்கொண்டவர்கள், எந்த டாக்டர் நல்லவர், எந்தப் பகுதியில் வாடகை குறைவு என்று அவர்களைப் போலச் சொல்ல ஆளில்லை. ஹாம் நகரில் அவர்கள் 2002இல் கட்டி முடித்த காமாட்சி அம்பாள் கோயில் திருவிழாவுக்குப் போனால் ஒரே நாளில் நூறு பேர் அறிமுகமாவார்கள். சிங்கப்பூரில் நம் ஆட்கள் கூடும் தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா) ஒரு ஞாயிற்றுக்கிழமை போனால் போதும்.

ஏதாவது தப்பாகப் போனால், நிறுவனம் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்தால், சம்பளம் தராவிட்டால், வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' தளத்தில் புகார் பதிவு செய்யலாம். வீட்டிலிருந்து அப்பா அம்மாவும் உங்கள் சார்பாகப் பதிவு செய்யலாம். துபாயிலும் ரியாத்திலும் கோலாலம்பூரிலும் வெளிநாட்டில் இருக்கும் இந்தியருக்கு உதவும் இந்திய அரசின் பிரவாசி பாரதிய சகாயதா மையங்கள் இருக்கின்றன. பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றின் நகலையும், நீங்கள் வேலை செய்யும் இடத்தின் முழு முகவரியையும், கூட வேலை செய்யும் ஒருவரின் எண்ணையும் கிளம்புவதற்கு முன்போ போன முதல் வாரத்திலோ வீட்டில் ஒருவரிடம் கொடுத்து, புகார் எங்கே எப்படிப் பதிய வேண்டும் என்பதையும் உட்கார்ந்து காட்டிவிடுங்கள்.